கழுவித் தந்த பாட்டில்

போன மாதம் திருச்சியில் மருந்தாளுநர்கள் கூட்டம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து, வடையும் காபியும் கொடுத்து அனுப்புகிற வழக்கமான கூட்டம்தான். பொன்னாடைகள் என் வீட்டில் ஏற்கெனவே ஒரு அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வடைக்காகத்தான் போனேன். வேலையில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், மார்ஃபின் வைக்கிறதுக்கு இப்ப விதியெல்லாம் தளர்த்திட்டாங்க. அப்படியும் எங்க ஆஸ்பத்திரியில பயந்துகிட்டு வாங்க மாட்டேங்கறாங்க. சட்டம் கெடுபிடியா இருந்த காலத்துலயே நீங்க குடுத்தீங்களாமே, பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

பயமாகத்தான் இருந்தது, பயந்துகொண்டேதான் கொடுத்தோம் என்றேன். அதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதி பதிலோடு எழுந்து வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மருந்தைப் பாதி அளந்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கீழப்பழுவூர்க்காரி. பள்ளிக்கூடம் முடித்ததும் டீச்சர் டிரெயினிங் போகச் சொன்னார்கள். பிள்ளைகளை மேய்க்கிற பொறுமை எனக்கு இல்லை என்று மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தேன். படிப்பில் கற்றதைவிடத் திட்டு வாங்கிக் கற்றது அதிகம். எழுபதுகளில் அரசு வேலை கிடைத்து, பெரம்பலூருக்கு மேற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். அந்த ஜனங்கள் அதுவரை ஆண் கம்பவுண்டரைத்தான் பார்த்திருந்தார்கள். என்னை நர்ஸ் என்று நினைத்து ஊசி போடச் சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நாளில் 'கம்பவுண்டரம்மா' என்ற பேர் நிலைத்துவிட்டது. என் சொந்தப் பேரை சம்பளப் பட்டியலில் பார்த்தால்தான் எனக்கே ஞாபகம் வரும்.

இன்றைக்கு இருக்கிறவர்களுக்கு அந்தக் கால மருந்துக் கூடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. மருந்துகளில் பாதி மிக்சர். பெரிய ஜாடிகளில் கலக்கி வைத்திருப்போம். வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வர வேண்டும். விளக்கெண்ணெய் வாசம், மண்ணெண்ணெய் வாசம், சில பாட்டில்களில் சாராய வாசம்கூட அடிக்கும். எல்லாரிடமும் "கழுவிக் கொண்டு வா, கழுவிக் கொண்டு வா" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று காட்ட, காகிதத் துண்டை ரம்பப் பல் மாதிரி வெட்டி பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

மருந்துக் கூடத்தின் மூலையில் சுவரோடு பதித்த ஒரு சின்ன அலமாரி இருக்கும். அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று டாக்டரிடம், ஒன்று மருந்தாளுநரிடம். பெத்திடின், மார்ஃபின் மாதிரி போதை தருகிற வலி மருந்தெல்லாம் அதற்குள். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். ஒருத்தர் திருடராகிவிட்டாலும் இன்னொருத்தர் இருக்கிறார் என்பதுதான் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெரம்பலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அதன் மறுபக்கத்தையும் பார்த்தேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் வறண்ட பூமி. பாறையில் வெடி வைத்துத்தான் கிணறு வெட்டுவார்கள். அப்படி வெட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு வெடி முந்திக்கொண்டு கை நசுங்கிப்போய்க் காலையில் கொண்டு வந்தார்கள். என் சாவி என் இடுப்பில். இன்னொரு சாவி டாக்டரின் சட்டைப் பையில். டாக்டர் மீட்டிங்குக்காகத் திருச்சி போயிருந்தார், சாவியோடு. கட்டுப் போட நர்ஸ் இருந்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டிருந்த வண்டி சாயங்காலம்தான் வந்தது. அதுவரை அந்த மனிதர் கத்தினார். மருந்து இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாரே, அந்த அலட்சியத்தின் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அப்புறம் அரியலூர்ப் பக்கம் மாற்றலாகி வந்தேன். அங்கேதான் டாக்டர் தியாகராஜனிடம் வேலை பார்த்தேன். ஆள் குள்ளம். முழுக்கைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டார். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எதிரில் யாருமே இல்லாத மாதிரி இருப்பார். சேர்ந்த அன்றைக்கே வெடிக் கிணற்றுக் கதையை அவரிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் காம்பவுண்டு தாண்டினா சாவி இங்கதாம்மா இருக்கும். அடுத்த டாக்டர் கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் போவேன்" என்றார். அவர் சொன்ன சொல் தவறியதே இல்லை. தன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியவர், அடுத்த டாக்டர் வரும்வரை பட்டு வேட்டியோடு மருந்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முகூர்த்தம் முடிந்துதான் போய்ச் சேர்ந்திருப்பார்.

அலமாரி திறப்பது அவருக்குப் பூஜை மாதிரி. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். கை கழுவுவார். முதலில் என் சாவி, பிறகு அவர் சாவி. உள்ளே இருப்பதை இரண்டு பேரும் வாய்விட்டு எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேசிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு தடவை எண்ணச் சோம்பல்பட்டு, "சரியா இருக்கு சார்" என்று சொல்லிவைத்தேன். கிராம்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "சரின்னு வாய் சொல்லக் கூடாது, கண்ணு சொல்லணும்" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போதும் வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று கண்ணால் பார்க்காமல் படுக்க மாட்டேன் என்றால் அவர் வேலைதான்.

எண்பதுகளின் நடுவில் போதைப் பொருள் பற்றிய புதுச் சட்டம் வந்தது. பத்து வருஷம் உள்ளே போக வேண்டும், ஜாமீன்கூடக் கிடைக்காது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். சட்டம் நோயாளிக்குக் கொடுக்காதே என்று சொல்லவில்லை. கணக்கோடு கொடு என்றுதான் சொன்னது. ஆனால் நம் ஆட்களுக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். எதற்கு வம்பு என்று சுற்று வட்டாரத்தில் பலர் மார்ஃபின் கேட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். அலமாரி காலியாக இருந்தால் கணக்கும் கிடையாது, பயமும் கிடையாது. வலிக்கிறவர்கள் பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் மட்டும் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர், புற்றுநோய்க்காரர்களுக்கு மார்ஃபினை ஊசியாகப் போடாமல் வாய்வழியாக, வலி வருவதற்கு முன்பே, வேளை தவறாமல் கொடுத்துவந்தால் எழுந்து நடமாடக்கூட முடியும் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "பார்ப்போம்" என்றார்.

அஞ்சலை வந்தது அந்தச் சமயத்தில்தான்.

விக்கிரமங்கலத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்பு அவர்களுக்கு. அவள் புருஷன் கலியமூர்த்தி ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி. அப்போது சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். அஞ்சலைக்குக் கர்ப்பப்பையில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நோய் இடுப்பெலும்பு வரைக்கும் போயிருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டு வந்தார்கள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். தலைப்பை எடுத்துவிட்டு, "வலிக்காத எடம் எதுன்னு கேளுங்க, அதச் சொல்றேன்" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் நோயாளியை நிமிர்ந்து பார்த்தால் அந்த ஆள் அவருக்குப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

வார்டில் சேர்த்து ஊசி போடலாம் என்றார் டாக்டர். அஞ்சலை மாட்டேன் என்றுவிட்டாள். "சாவத்தான் போறேன்னு தெரியுங்க. எங்க வூட்டுல சாவறேன். கத்தாம சாவணும், அது போதும். நான் கத்தறதக் கேட்டுட்டு எங்க தெருவுல ஒருத்தரும் சோறு திங்க மாட்டேங்கறாங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். வீட்டுக்கு மார்ஃபினைக் கொடுத்தனுப்புவது என்பது அப்போது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம். டாக்டர் விதிகளைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்து, என்னையும் உட்காரவைத்து வரி வரியாகப் படித்தார். எங்கேயும் தடை இல்லை. பிறகு எங்களுக்கென்று சில கட்டுப்பாடுகளை அவரே போட்டார். நோயாளி கொண்டு வருகிற பாட்டில் கூடாது. ஆஸ்பத்திரி பாட்டிலில்தான் மருந்து. வாரம் ஒரு தடவை. பஸ் வராமல் போனால் தவித்துவிடக் கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் வரும்போது மிச்சத்தோடு பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். அந்த மிச்சத்தை நானும் அவரும் சேர்ந்து அளந்து கணக்கு முடித்த பிறகே புதுப் பாட்டில்.

மிக்சர் தயாரித்தது நான். கசப்பு தெரியாமலிருக்க சிரப் சேர்த்து, சிவப்பு லேபிளில் விஷம் என்று எழுதி, ரம்பப் பல் காகிதம் ஒட்டினேன். வேளை தவறக் கூடாதே, அவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. கலியமூர்த்தியை உட்காரவைத்து ஒரு நாளில் அவர்கள் தெருவில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று விசாரித்தேன். விடிகாலையில் முதல் பஸ், பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி, உச்சிப் பொழுதில் திரும்பி வருகிற பஸ், பள்ளி விடுகிற மணி, விளக்கு வைக்கிற நேரம், படுக்கிற நேரம். அதையே வேளைகளாக வைத்துக்கொண்டோம். படுக்கப் போகும்போது மட்டும் இரண்டு பல். மலச்சிக்கல் வரும் என்று விளக்கெண்ணெய் தனியாக. இன்றைக்கு யார் யாரோ இதற்குப் பெரிய பெரிய பேர் வைத்து வகுப்பெடுக்கிறார்கள். எங்களுக்கு அப்போது அது பஸ் சத்தம், மணிச் சத்தம்தான்.

முதல் வாரம் கலியமூர்த்தி வந்தார். பாட்டிலில் மிச்சம் கணக்குக்குச் சரியாக இருந்தது. "தூங்குறாளுங்க" என்றார். அடுத்த வாரம், "கஞ்சி குடிக்கிறாளுங்க." அதற்கடுத்த வாரம் சண்டை போடுகிறாள் என்றார், சந்தோஷமாக. ஒவ்வொரு தடவையும் மிச்சம் பிசகாமல் இருந்தது. போதை ஏற்றி அந்தப் பொம்பளையைக் கெடுக்கிறார்கள் என்று ஊரில் சிலர் பேசுகிறார்களாம். அதைக் கேட்டு எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு ஒரு வாரம் கலியமூர்த்தி வந்து, துண்டைப் பிரித்து பாட்டிலை மேஜைமேல் வைத்தார். பாட்டில் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. லேபிளைக் காணோம். ரம்பப் பல் காகிதத்தைக் காணோம். உள்ளே கழுத்து வரைக்கும் பொன்னிறமாக ஏதோ இருந்தது. மூடியைத் திறந்தேன். நல்லெண்ணெய் மணத்தது.

"செக்குல ஆட்டுனதுங்கம்மா. நல்லா இருக்கும்" என்றார் கலியமூர்த்தி.

மருந்து மிச்சம் எங்கே என்று கேட்டேன். கொட்டிவிட்டதாகச் சொன்னார். யார் கொட்டியது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. "நாந்தாங்க. நாந்தாங்க கழுவினேன். அடுத்தவங்க பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரக் கூடாதுங்களே" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே தர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் குழம்பு வந்தால், கழுவி, கொஞ்சம் சர்க்கரையோ அரிசியோ போட்டுத்தான் திருப்புவோம். என் வீட்டிலும் அப்படித்தான். எத்தனையோ வருஷமாகக் கழுவிக் கொண்டு வா என்று ஊரெல்லாம் கத்தியவள், இந்த ஒரு பாட்டிலைக் கழுவாதே என்று சொல்லத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. விதிகளை வரி வரியாகப் படித்தோமே, அதில் எந்த வரியிலும் நல்லெண்ணெய் இல்லை.

டாக்டர் பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கிராம்பைத் துப்பிவிட்டு வந்தார். அலுவலகத்தில் இருந்த ஒருவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அளக்கும்போது கை தவறிக் கொட்டிவிட்டதாக எழுதிவிடலாம், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார். டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நடந்தத நடந்த மாதிரி எழுதும்மா" என்று என்னிடம் சொன்னார். எழுதினேன். மிச்சமிருந்த மார்ஃபின் நோயாளியின் வீட்டில் கொட்டப்பட்டது, பாட்டில் நல்லெண்ணெயுடன் திரும்ப வந்தது. அரசு காகிதத்தில் இப்படி ஒரு வரியை எனக்கு முன்னால் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கலியமூர்த்திக்கு அன்றைக்கு மருந்து கொடுப்பதா என்று தயங்கினேன். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "விசாரணை நமக்கு வரும். வலி அந்த அம்மாவுக்கு வரும். ரெண்டையும் போட்டுக் கலக்காத" என்றார். சாவிகளைத் திருப்பினோம். அந்த வாரப் பாட்டிலைக் கொடுத்தனுப்பினோம்.

அந்தக் காகிதத்தைத் திருச்சி மேலலுவலகத்துக்கு அனுப்பினோம், பதில் சீக்கிரமே வந்தது. விசாரணை முடியும்வரை வெளியே மார்ஃபின் கொடுத்தனுப்பக் கூடாது. அஞ்சலையிடம் இருந்த பாட்டில் அந்த வாரக் கடைசியோடு தீர்ந்துவிடும். அதற்குள் விசாரணை முடியாவிட்டால் அவள் மறுபடி புடவைத் தலைப்பைக் கடிக்க வேண்டியதுதான். டாக்டர் திருச்சிக்குத் தந்தி அடித்தார். போன் போட்டார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர், போனில் தணிந்த குரலில் "சீக்கிரம் வாங்க சார், தயவு செஞ்சு" என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்தார். சட்டம் தெரிந்தவர், குறுக்குக் கேள்வியில் கெட்டிக்காரர். எங்கள் கணக்கை முதலிலிருந்து பார்த்தார். இந்த ஒரு வாரத்தைத் தவிர எங்கேயும் குறை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார். டாக்டர் வெளிநோயாளிகளை விட்டு வர முடியாததால் நான் ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம், இந்த மருந்துக்கு வெளியே கிராக்கி உண்டாமே, நோயாளியின் புருஷன் லாரி ஆட்களோடு பழகுகிறவராமே என்று கேட்டுக்கொண்டே வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். என் வேலையைவிட, பாட்டிலில் இன்னும் எத்தனை பல் மிச்சம் இருக்கும் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கலியமூர்த்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான்தான் கொட்டினேன், நான்தான் கழுவினேன் என்றார். எப்படிக் கழுவினாய் என்று அதிகாரி கேட்டார். தண்ணி ஊத்திக் கழுவினேன் என்றார். இத்தனை குறுகலான வாய், உள்ளே எப்படிப் பளபளப்பு வந்தது என்று கேட்டார். கலியமூர்த்தி விரலை விட்டுத் தேய்த்ததாகச் சொன்னார். அவர் விரல் ஒவ்வொன்றும் கல் தூக்கிக் காய்த்துப்போய், அந்தப் பாட்டில் வாயில் நுழையவே நுழையாது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "இந்த ஆளு பொய் சொல்றாரும்மா" என்றார். பொய்தான் என்று எனக்கும் தெரிந்தது.

பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. அதிகாரி மரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டு வந்த டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிட்டார். டிரைவர் காலிக் கேரியரைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனார். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வைத்துவிட்டுப் போங்க, கழுவித் தருகிறேன் என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா சொல்லிவிட்டாராம்.

அதிகாரி காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது அஞ்சலை வெளியே வந்தாள். நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து. ஒரு கையில் டிபன் கேரியர் வெயிலில் மின்னியது. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டு வந்தவள் எழுந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. படுத்த படுக்கை என்று காகிதத்தில் படித்திருந்த அதிகாரியும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேரியரைக் கையில் வாங்கியதும் அதிகாரியின் முகம் மாறியது. கனத்தது. மேல் அடுக்கைத் திறந்தார். வறுத்த நிலக்கடலை. அடுத்த அடுக்கிலும் நிலக்கடலை.

"என்ன இது? எதுக்கு எனக்கு?" அவர் குரல் கடுமையாகிவிட்டது. லஞ்சம் என்று எடுத்துக்கொண்டார். அஞ்சலைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"வெறும் பாத்திரத்தக் குடுக்கலாமுங்களா?" என்றாள்.

அதிகாரி கேரியரை மூடினார். குரலைத் தாழ்த்தி, "அந்த மருந்து பாட்டிலக் கழுவினது யாரும்மா?" என்று கேட்டார். கலியமூர்த்தி நடுவில் வந்து நான்தான் என்று ஆரம்பித்தார். அஞ்சலை அவரைத் தள்ளிவிட்டாள்.

"அவுருக்கு எங்கங்க கழுவத் தெரியும்? நாந்தாங்க. சாம்பலும் மணலும் போட்டுக் குலுக்கி, வெயில்ல கவுத்து வச்சேன். மிச்ச மருந்து பழசாப் போச்சுன்னு வாழைக்கன்னுல ஊத்திட்டேன். எத்தினி மாசமாச்சு, நான் குந்தி ஒரு சாமான் கழுவி. அந்தப் பாட்டிலத்தாங்க மொதமொதக் கழுவுனேன்."

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. நாங்கள் கொடுத்த மருந்து கணக்கில் எங்கே போயிற்று என்றுதானே இத்தனை நாளாகத் தேடினோம். அந்த மருந்துதான் அவளைக் கல்லின்மேல் உட்காரவைத்துப் பாத்திரம் தேய்க்க வைத்திருக்கிறது. முதல் வாரங்களில் கலியமூர்த்தி பாட்டிலைச் சொன்னபடி அப்படியே கொண்டு வந்தார், ஏனென்றால் அவருக்கு வீட்டு முறை தெரியாது. அவள் எழுந்து வீட்டுப் பொறுப்பை மறுபடி கையில் எடுத்த வாரம்தான் பாட்டில் கழுவப்பட்டது. அவளை வம்பில் மாட்டிவிடக் கூடாது என்று அந்த மனிதர் அத்தனை பொய்யையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் அதிகாரி கேரியரை மடியில் வைத்துக்கொண்டு நிலக்கடலையைத் தின்றுகொண்டே வந்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார். "ரிப்போர்ட்ல இந்தக் கடலைய எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டார். நல்லெண்ணெயை நான் எழுதிவிட்டேன் சார் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் தடையை நீக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஜீப் ஏறினார். பாட்டிலைக் கழுவக் கூடாது என்று வீட்டுப் பெண்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார். அந்த வரியை நான் ஒரு படி மேலே கொண்டுபோனேன். எழுத்து தெரியாதவர்களுக்காக மார்ஃபின் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். சிவப்பு நூல் இருந்தால் கழுவாதே, கொட்டாதே, அப்படியே கொண்டு வா. அஞ்சலைக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்த ஒவ்வொரு வலிக்காரருக்கும் அந்த நூல் கட்டிய பாட்டில் போயிற்று. என் வேலைக் காலம் முடியும்வரை ஒரு பாட்டில்கூடக் கணக்கில் பிசகவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். பொன்னாடை போர்த்துகிறவர்களுக்கு இது தெரியாது, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அஞ்சலை அந்தத் தை மாதத்தைப் பார்த்தாள். பொங்கலுக்குத் தன் கையால் கோலம் போட்டதாகக் கலியமூர்த்தி வந்து சொன்னார். மாசி முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு அவர் மருந்துக் கூடத்துக்கு வந்தார். ஒரு கையில் துண்டில் சுற்றிய பாட்டில். சிவப்பு நூல் அப்படியே இருந்தது. சிரப் வழிந்து பிசுபிசுப்பாக, விரல் தடம் படிந்து, அழுக்காக இருந்தது. உள்ளே மருந்து மிச்சம். இன்னொரு கையில் ஒரு சின்னத் தூக்கு.

"கழுவாம கொண்டு போய்க் குடுன்னு சொல்லிட்டுத்தாங்க போனா. வெறுங்கையோடவும் போவாதன்னு சொன்னா. இது தனிங்க, எண்ணெய்" என்றார்.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். கை கழுவினார். இரண்டு பேரும் வாய்விட்டு அளந்தோம். சொட்டுக் குறையாமல் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல், "கடைசியில கத்தினாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆட்டப் புடிச்சு உள்ள கட்டச் சொன்னா. கட்டிட்டு வந்தேன். அப்பறம் ஒண்ணும் சொல்லலீங்க."

டாக்டர் நோயாளிகளிடமிருந்து ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்காதவர். தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்கிக்கம்மா" என்றார்.

எண்ணெயை என் சாப்பாட்டு டப்பாவில் ஊற்றிக்கொண்டேன். தூக்கு காலியாக இருந்தது. டீ போடுவதற்காக என் பையில் பொட்டலமாகச் சர்க்கரை வைத்திருந்தேன். தூக்கைத் துடைத்து, பொட்டலத்தைப் பிரித்து உள்ளே கொட்டி, மூடி, கலியமூர்த்தி கையில் கொடுத்தேன். வாங்கியவருக்குக் கனம் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். வந்ததிலிருந்து அழாமல் நின்ற மனிதர் அப்போதுதான் அழுதார்.